டப்ளினில் ஏழு ஆண்டுகள்: புனித நியூமனும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும்



2025-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர்கள் பெருவிழாவன்று, திருத்தந்தை 14-ஆம் லியோ அவர்கள் புனித ஜான் ஹென்றி நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். புனித தோமா அக்குவினாவோடு கத்தோலிக்கக் கல்விப் பணிக்கு இணைப் பாதுகாவலர் என்ற சிறப்பும் அவருக்குக் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மரியம் திரேசியாவோடு ஒரே திருப்பலியில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர் இவர் என்பதும் நமக்கு நினைவிருக்கும்.

நியூமன் என்றதும் நம்மவர் பெரும்பாலும் இரண்டைச் சொல்வார்கள். ஒன்று, ஆங்கிலிக்கத் திருச்சபையில் புகழின் உச்சியில் இருந்தபோது அனைத்தையும் விட்டுவிட்டுக் கத்தோலிக்கரானது. மற்றொன்று, பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று விளக்கிய அவரது நூல். அந்த நூலை எழுதியவர் உண்மையிலேயே ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்பதும், அந்த ஏழு ஆண்டுகளில் பதில் வராத கடிதங்களுக்காகக் காத்துக் காத்துக் களைத்துப்போனார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை ஆள்வது யார்? ஆயர்களா, அதிபரா, பேராசிரியர்களா, காசு கொடுத்த மக்களா? இந்தக் கேள்வி நியூமனை வாட்டியது. இன்று நம் கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்களிலும் பங்குப்பேரவைகளிலும் இதே கேள்வி வேறு உருவில் எழுவதால், அவரது வாழ்வை இந்தப் பக்கமிருந்து பார்ப்போம்.

1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் நியூமன். தந்தை வங்கி நடத்தியவர். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் இங்கிலாந்தில் ஏற்பட்ட நெருக்கடியில், 1816-இல் அந்த வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் பிறகு முழுமையாகக் கொடுத்துத் தீர்த்தார்கள் என்றாலும், குடும்பம் நிமிரவில்லை. தந்தை தொடங்கிய மதுபான ஆலைத் தொழிலும் நொடித்து, 1821-இல் அவர் திவாலானார். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்பது எத்தகைய சுமை என்பதை நியூமன் பதினைந்து வயதிலேயே வீட்டில் கண்டவர். பின்னாளில் டப்ளினில் அவர் கணக்கைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1816-தான் நினைவுக்கு வருகிறது.

ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கல்லூரியில் படித்தார். இறுதித் தேர்வில் சரியாகத் தேறவில்லை. ஆனாலும் 1822-இல் ஓரியல் கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃபெலோ என்பவர் வெறும் ஆசிரியர் அல்லர். கல்லூரியின் ஆட்சியில் பங்குள்ளவர். சொத்து, வாடகை, மாணவர் சேர்க்கை, தலைவர் தேர்தல் அனைத்திலும் ஃபெலோக்களுக்கு வாக்கு உண்டு. 1825-இல் ரிச்சர்டு வாட்லி என்பவர் தலைமை வகித்த செயின்ட் ஆல்பன் ஹால் என்னும் சிறிய இல்லத்தில் துணைத்தலைவராகி, அங்கே பொருளாளர் வேலையையும் பார்த்தார். இந்த வாட்லி பின்னர் டப்ளினின் ஆங்கிலிக்கப் பேராயரானார். இருவரும் பிற்காலத்தில் அதே டப்ளினில், அதே செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பகுதியில், ஒருவரோடொருவர் உறவின்றி வாழ நேர்ந்தது காலத்தின் கோலம்.

1828-இல் ஓரியல் கல்லூரிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. நியூமன் தம் நண்பர் ஜான் கீபிளை விட்டுவிட்டு எட்வர்டு ஹாக்கின்சை ஆதரித்தார். ஹாக்கின்ஸ் தலைவரானார். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது. மாணவருக்குப் பாடம் சொல்லும் டியூட்டர் அவனுடைய ஆன்மாவுக்கும் பொறுப்பாளி என்றார் நியூமன். பாடத்தோடு நின்றால் போதும் என்றார் ஹாக்கின்ஸ். புதிய மாணவர்களை நியூமனிடம் அனுப்புவதை ஹாக்கின்ஸ் நிறுத்திவிட்டார். யாருடைய வெற்றிக்கு உழைத்தாரோ அவராலேயே நியூமன் வேலையின்றி நின்றார். தலைவரிடம் அதிகாரம் குவிந்தால் என்ன நடக்கும் என்பது அவர் கற்ற முதல் பாடம்.

இரண்டாம் பாடம் கூடிப் பேசி முடிவெடுக்கும் குழுவிடமிருந்து வந்தது. 1833 முதல் ஆக்ஸ்போர்டு இயக்கத்தை நியூமன் முன்னின்று நடத்தினார். 1841-இல் அவர் எழுதிய 90-ஆம் துண்டு வெளியீடு, ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கோட்பாடுகளைக் கத்தோலிக்கப் பொருளிலும் கொள்ளலாம் என்று சொன்னதால் பெரும் புயல் கிளம்பியது. கல்லூரித் தலைவர்கள் வாரந்தோறும் கூடும் ஆட்சிக்குழு ஒன்று ஆக்ஸ்போர்டில் இருந்தது. நியூமன் தமது விளக்கத்தை எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தும், அது அச்சிலிருந்து வரும் வரைகூடப் பொறுக்காமல் அந்தக் குழு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் பக்கத்து நியாயத்தை எவரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1845 பிப்ரவரியில், பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கூடிய பேரவையில் அதே வெளியீட்டைக் கண்டிக்கும் தீர்மானம் மீண்டும் வந்தது. அப்போது பிராக்டர் எனப்படும் இரு அலுவலர்கள் எழுந்து தங்கள் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார்கள். ஒரு குழு அவரைக் கேளாமல் தண்டித்தது. பல்கலைக்கழகச் சட்டத்தில் எழுதியிருந்த ஒரு சிறு விதி அவரைக் காத்தது. விதிகள் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று அவர் பின்னாளில் பிடிவாதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அதே 1845-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், லிட்டில்மோர் சிற்றூரில், இத்தாலியத் துறவி தொமினிக் பர்பேரி கையால் நியூமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1847-இல் உரோமையில் குருத்துவம் பெற்றார். 1848-இல் புனித பிலிப்பு நேரியின் ஒரட்டரி சபையை இங்கிலாந்தில் தொடங்கி, பர்மிங்காம் நகரில் குடியேறினார். ஏழை ஐரியத் தொழிலாளர் நிறைந்த தொழில்நகரம் அது. தமது எஞ்சிய வாழ்நாள் அங்கேயே கழியும் என்றிருந்தவரை அயர்லாந்து அழைத்தது.

அயர்லாந்தின் நிலையை இங்கே சற்றுச் சொல்லியாக வேண்டும். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதே அளவு மக்கள் கப்பலேறிச் சென்றனர். பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கர். ஆனால் நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழகமாகிய டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவிகள் ஆங்கிலிக்கருக்கே உரியவை. இதைச் சரிசெய்ய 1845-இல் பிரிட்டிஷ் அரசு பெல்பாஸ்ட், கார்க், கால்வே ஆகிய மூன்று நகரங்களுக்குக் குயின்ஸ் கல்லூரிகளை அறிவித்தது. அவற்றில் எந்தச் சமயமும் கற்பிக்கப்படாது. ஆயர்கள் இதில் இரண்டுபட்டனர். உரோமை அக்கல்லூரிகளை ஏற்க மறுத்தது. 1850-இல் பேராயர் பால் கல்லன் தலைமையில் தர்லஸ் நகரில் கூடிய ஆயர் மாமன்றம், கத்தோலிக்கருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவத் தீர்மானித்தது. ஆயர்களும் குருக்களும் பொதுநிலையினரும் அமர்ந்த ஒரு குழு அதற்காக அமைக்கப்பட்டது. பஞ்சத்திலிருந்து மீண்டும் மீளாத மக்கள் பங்கு ஆலயங்களில் காசு போட்டார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களும் அனுப்பினார்கள். பசித்த வயிற்றோடு பல்கலைக்கழகத்துக்குக் காணிக்கை கொடுத்த மக்கள் உலகில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

1851 ஜூலையில் பேராயர் கல்லன் பர்மிங்காமுக்கே வந்து நியூமனை அழைத்தார். நியூமன் தயங்கிப் பிறகு இசைந்தார். அந்த ஆண்டே கல்வித்திட்டம் வகுக்க மூவர் அடங்கிய துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தர்லஸ் கல்லூரியின் தலைவர் அருட்தந்தை பேட்ரிக் லேஹி, மைல்ஸ் ஓரைலி என்ற பொதுநிலையினர், நியூமன் ஆகிய மூவர்தான் அது. ஒரு குரு, ஒரு பொதுநிலையினர், ஒரு புதுக் கத்தோலிக்கர். சிறிய குழுவாக இருந்ததால் விரைவில் அறிக்கை தயாரானது. நவம்பர் 12-ஆம் நாள் பெரிய குழு நியூமனைத் தலைவராக நியமித்தது.

அவ்வளவுதான். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் நகரவில்லை. 1852 மே, ஜூன் மாதங்களில் டப்ளின் ரொட்டண்டா மண்டபத்தில் ஐந்து திங்கட்கிழமைகளில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள்தான், பின்னர் உலகப் புகழ்பெற்ற நூலாக வளர்ந்தன. ஆனால் அந்தச் சொற்பொழிவுகளில் சொல்லப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு ஒரு வகுப்பறைகூட இல்லை. அந்த நாள்களிலேயே, முன்னாள் துறவி அக்கில்லி என்பவர் தொடுத்த அவதூறு வழக்கில் இலண்டன் நீதிமன்றம் நியூமனைக் குற்றவாளி என்றது. 1853 ஜனவரியில் 100 பவுண்டு அபராதம் விதித்தது. குழுவோ கூடியது, கலைந்தது. அரசியலிலும் திருச்சபை விவகாரங்களிலும் கல்லனோடு கருத்து வேறுபாடு கொண்ட டூவம் பேராயர் ஜான் மக்ஹேல் ஒரு பக்கம். 1852-இல் டப்ளின் பேராயராகிவிட்ட கல்லன் மறுபக்கம். குழுவுக்குள் இழுபறி.

இதற்குக் கல்லன் கண்ட வழி, குழுவைத் தாண்டி உரோமைக்குப் போவது. 1854 மார்ச் 20-ஆம் நாள் திருத்தந்தை 9-ஆம் பயஸ் அனுப்பிய திருமடல், பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஆயர்களிடம் ஒப்படைத்து, நியூமனை ரெக்டர் என்னும் அதிபராக உறுதிசெய்தது. முட்டுக்கட்டை நீங்கியது உண்மைதான். நியூமனும் நிம்மதியடைந்தார். ஆனால் அதன் விலை என்ன? பொதுநிலையினருக்கு இடமளித்த அந்தக் கலப்புக் குழு அத்தோடு ஓரங்கட்டப்பட்டது. அவசரத்தில் நடந்த இந்த மாற்றத்தின் வடு பின்னர்தான் தெரிந்தது. மெதுவாக நகரும் குழுவைக் கண்டு எரிச்சலடைந்து, அதைத் தூக்கிப்போட்டுவிட்டால் வேலை நடக்கும் என்று நினைப்பது நம் எல்லாருக்கும் பழக்கமானதே.

இந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. நியூமனுக்கு ஆயர் பட்டம் வரப்போகிறது என்று கர்தினால் வைஸ்மன் அவருக்கு எழுதினார். செய்தி பரவியது. நண்பர்கள் தங்கச் சங்கிலி, மார்புச் சிலுவை எனப் பரிசுகள் அனுப்பினார்கள். ஆயர்களோடு சமமாக அமர்ந்து பேச அந்தப் பட்டம் உதவியிருக்கும். கல்லன் அதை உகந்ததாகக் கருதாமல், தள்ளிவைக்குமாறு உரோமைக்கு எழுதினார். நியூமனிடம் எவரும் காரணம் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. வந்த பரிசுகள் பெட்டியில் கிடந்தன.

1854 ஜூன் 4, தூய ஆவியார் பெருவிழாவன்று டப்ளின் பேராலயத்தில் அவர் ரெக்டராகப் பொறுப்பேற்றார். நவம்பர் 3-ஆம் நாள், செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் 86-ஆம் எண் மாளிகையில், சுமார் 20 மாணவர்களோடு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. முந்தைய நூற்றாண்டில் அந்த மாளிகையைக் கட்டியவர் கத்தோலிக்கச் சிற்றாலயங்களை எரித்தவர் என்று பெயரெடுத்திருந்தார். இறைவனின் வழிகள்!

இங்கே நியூமன் அமைத்த ஆட்சிமுறையைக் கவனிக்க வேண்டும். கையில் காசும் இல்லை, அரசின் அனுமதிச் சாசனமும் இல்லை. ஆனாலும் பகிர்ந்து ஆள்வதற்கான அமைப்பை அவர் தாளில் தெளிவாக எழுதினார். உச்சியில் ஆயர்கள், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் காப்பது அவர்கள் பொறுப்பு. அன்றாட நிர்வாகத்துக்கு ரெக்டர். அவருக்குத் துணையாக ஆலோசனைக் குழு. கலை, மருத்துவம், இறையியல் என ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு முதல்வர். அந்தப் புலத்தின் பாடங்களைப் பற்றிப் பேச அந்தப் புலத்தாரே கூடுவர். அனைவரும் அமர செனட். மாணவர் தங்கும் இல்லங்கள் சிறியவையாக இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் தலைவரும், ஆன்மகுருவும், டியூட்டர்களும் இருந்தனர். ஹார்கோர்ட் தெருவில் இருந்த ஓர் இல்லத்தை அவரே நடத்தினார். ஓரியலில் ஹாக்கின்ஸ் மறுத்ததை இங்கே நடைமுறையாக்கினார்.

பேராசிரியர்களில் பெரும்பாலோர் பொதுநிலையினர். வேதியியலுக்கு டபிள்யூ. கே. சல்லிவன், ஐரிய வரலாற்றுக்கு யூஜின் ஓகரி. ஓகரி பட்டம் எதுவும் பெறாதவர். பழைய கையெழுத்துச் சுவடிகளை வாசித்து வாசித்தே அறிஞரானவர். அவர் வகுப்பெடுத்தபோது ரெக்டர் நியூமன் தாமே மாணவர்போல் வந்து உட்கார்ந்து கேட்டார். ஐரிய மொழி அறியாத ஓர் ஆங்கிலேயர், அந்த மொழியை அச்சிட எழுத்து வார்க்க ஏற்பாடு செய்தார் என்றால் வியப்பில்லையா? சிசிலியா தெருவில் இருந்த மருத்துவப் பள்ளிக் கட்டடத்தை வாங்கி, 1855 இலையுதிர் காலத்தில் திறந்தார். அதை நடத்தியவர்கள் பொதுநிலை மருத்துவர்கள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அரசு மதிப்பில்லாவிட்டாலும், மருத்துவ மாணவர் வேறு அமைப்புகளின் தேர்வெழுதி உரிமம் பெறலாம் என்பதால் அந்தப் பள்ளி செழித்தது. 1856 மே முதல் நாள் பல்கலைக்கழக ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. அக்கில்லி வழக்குக்காக மக்கள் அனுப்பிய நிதியில் மீந்ததை அதற்குச் செலவிட்டார்.

இனி, அவரை வதைத்த காரியத்துக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தின் பணம் ஆயர்களின் பொறுப்பில் இருந்தது. செலவு செய்வது ரெக்டர். இரண்டுக்கும் நடுவே கணக்கைப் பார்க்க எவரும் இல்லை. நியூமன் கேட்டது எளியது: டப்ளினின் கத்தோலிக்கப் பொதுநிலையினரில் வரவு செலவு தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு நிதிக்குழு அமையுங்கள், அவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். அவர் இதற்குச் சொன்ன காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. குருக்களும் பேராசிரியர்களும் கணக்கில் வல்லவர்கள் அல்லர். மக்கள் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று மக்களுக்குத் தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு கொடுக்க மாட்டார்கள். வழக்கறிஞர், மருத்துவர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகள்தான் மாணவர்களாக வரவேண்டும். தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லாத இடத்துக்கு அவர்கள் ஏன் பிள்ளைகளை அனுப்புவார்கள்? ரெக்டரைப் பொறுத்தவரையிலும் அது பாதுகாப்பு: நாளைக்கு யாராவது கேள்வி எழுப்பினால் காட்டத் தணிக்கை செய்த ஏடு இருக்கும்.

கல்லன் இணங்கவில்லை. பெயரளவுக்காவது மதிப்புக்குரிய பொதுநிலையினர் சிலரைப் பல்கலைக்கழக ஏட்டில் சேர்க்கலாமா என்று நியூமன் பட்டியல் அனுப்பினார். அதற்கும் வழி பிறக்கவில்லை. கடிதம் எழுதுவார், பதில் வராது. மீண்டும் எழுதுவார், செயலரிடமிருந்து இரண்டு வரி வரும். துணை அதிபர் பற்றிய வேண்டுகோளும் இப்படியே இழுத்தது. மக்ஹேலோ ரெக்டர் தாமாகப் பேராசிரியர்களை நியமிக்க உரிமை ஏது என்று எதிர்த்தார். ஆங்கிலேயரை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்றார். ஒருவர் பதில் சொல்லாமல் தடுத்தார். மற்றவர் உரக்கச் சொல்லித் தடுத்தார்.

கல்லன்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. அவர் தன்னலக்காரர் அல்லர். பஞ்சத்தில் அடிபட்ட மக்களை மறையறிவிலும் ஒழுங்கிலும் மீட்டெடுத்தவர். 1866-இல் அயர்லாந்தின் முதல் கர்தினாலானவர். 1848-இல் அயர்லாந்தில் ஆயுதக் கிளர்ச்சிக்கு முயன்ற இளம் அயர்லாந்து இயக்கத்தார் சிலர் நியூமனின் பேராசிரியர்களிடையேயும் நண்பர்களிடையேயும் இருந்தார்கள். அதே ஆண்டு உரோமையில் புரட்சி வெடித்துத் திருத்தந்தையே தப்பியோட நேர்ந்ததை உடனிருந்து கண்டவர் கல்லன். பொதுநிலையினர் கையில் அதிகாரம் என்றாலே அவருக்கு அந்தக் காட்சிதான் கண்முன் வந்திருக்கும். ஏழைகளின் காசு இது, ஆயர்களாகிய நாங்களே இதற்குக் கடவுள்முன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற அச்சமும் அவரிடம் உண்மையாகவே இருந்தது. அதற்காகவே இன்னும் சிலர் கணக்கைப் பார்த்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தோன்றவில்லை.

நியூமனிடமும் குறை இருந்தது. பர்மிங்காம் சபைக்கும் அவரே தலைவர். இரண்டு நாடுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பணிக்காக அவர் ஐரியக் கடலை 56 முறை கடந்தார். அந்நாளைய கப்பல்களில் அது சிறிய துன்பம் அல்ல. ஆனாலும் மாணவர் விடுதியில் ஏதாவது நடந்தால் ரெக்டர் ஊரில் இல்லை என்று கல்லன் குறைப்பட்டதில் நியாயம் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமது சொந்த அதிகாரத்தில் தலையிடும் குழுவை நியூமனுக்குப் பிடிக்காது; பணம் பற்றிய குழுவை மட்டும் அவர் விரும்பிக் கேட்டார். மனத்தாங்கலை நேரில் போய்ப் பேசித் தீர்ப்பவரும் அல்லர். எழுதுவார், படியெடுத்து வைப்பார், காத்திருப்பார். கல்லன் எழுதமாட்டார். இந்த இருவரும் ஓர் அறையில் ஒரு மாலைப் பொழுது மனம்விட்டுப் பேசியிருந்தால் கதை வேறாகியிருக்குமோ என்னவோ.

1856 கோடையில் ஆயர்கள் கூடிப் பல்கலைக்கழக விதிகளுக்கு ஒப்புதல் அளித்தனர். நிதிக்குழு மட்டும் வரவில்லை. 1857 வசந்தத்தில் தாம் விலகப்போவதாக நியூமன் அறிவித்தார். கடைசிக் காலத்திலும் சும்மா இருக்கவில்லை. பகலில் வேலைபார்க்கும் டப்ளின் இளைஞர்களுக்காக மாலை வகுப்புகள் தொடங்கினார். பேராசிரியர்களின் ஆய்வுகளை வெளியிட அட்லாண்டிஸ் என்ற இதழை 1858-இல் கொண்டுவந்தார். அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள், நியமனம் பெற்று சரியாக ஏழு ஆண்டுகள் நிறைந்த அன்று, பணி விலகினார்.

டப்ளினில் பட்டது வீண்போகவில்லை. மறு ஆண்டே, 1859 மே மாதத்தில், பர்மிங்காமில் ஒரட்டரி பள்ளி தொடங்கப்பட்டது. எட்வர்டு பெல்லாசிஸ், ஜேம்ஸ் ஹோப்-ஸ்காட் போன்ற பொதுநிலையினர் முன்னின்று, பெற்றோரின் பங்கோடு உருவான பள்ளி அது. அதே ஆண்டில் பர்மிங்காம் ஆயர் உல்லத்தோர்ன், பொதுநிலையினர் யார் என்று சற்று ஏளனமாகக் கேட்டபோது, அவர்கள் இல்லாமல் திருச்சபை பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும் என்ற பொருளில் நியூமன் விடையளித்தார். பின் ராம்ப்ளர் இதழில், மறையுண்மைகளைப் பற்றிய காரியங்களிலும் விசுவாசிகளின் மனதை அறிய வேண்டும் என்று கட்டுரை எழுதினார். நான்காம் நூற்றாண்டில் ஆரியக் கொள்கையால் ஆயர்கள் பலர் தடுமாறியபோது விசுவாசத்தைக் காத்தவர்கள் எளிய இறைமக்களே என்று அதில் காட்டினார். ஆயர் ஒருவர் அதைப் பற்றி உரோமையில் முறையிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் நியூமன்மீது ஐயத்தின் நிழல் படிந்திருந்தது. 1864-இல் தம் வாழ்வை விளக்கி எழுதிய நூல் இங்கிலாந்து மக்களின் மனதை வென்றது. உரோமையின் ஐயம் விலக இன்னும் காலம் பிடித்தது. 1879-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 1890 ஆகஸ்டு 11-ஆம் நாள், 89-ஆம் வயதில் பர்மிங்காமில் இறைவனடி சேர்ந்தார். 2010-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அதே நகரில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

அவர் விட்டுவந்த பல்கலைக்கழகம் தள்ளாடியே நடந்தது. 1883-இல் இயேசு சபையார் பொறுப்பேற்றனர். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாகி, இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. பொதுநிலை மருத்துவர்கள் தாங்களே நடத்திய சிசிலியா தெரு மருத்துவப் பள்ளி மட்டும் ஒருநாளும் சோரவில்லை; 1931 வரை அங்கேயே இயங்கியது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 492-ஆம் சட்டம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும், 537-ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கின்றன. 1280-ஆம் சட்டப்படி திருச்சபையின் சட்டமுறை அமைப்பு ஒவ்வொன்றுக்கும் நிதிக்குழு, அல்லது குறைந்தது இரண்டு ஆலோசகர்களாவது வேண்டும். இறைமக்கள் கொடுத்த பொருளுக்கு இறைமக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287-ஆம் சட்டத்தின் பகுதி. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிய விதித்தொகுப்போ, கத்தோலிக்க அடையாளத்தைக் காக்கும் பொறுப்பு முதலில் பல்கலைக்கழகத்தையே சாரும் என்கிறது; ஆயர்கள் வெளியாரல்லர், அதன் வாழ்வில் பங்கெடுப்பவர்கள் என்றும் சொல்கிறது. நம் பங்கில் நிதிக்குழுக் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்து, தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் மாலைகளில், இதற்காக ஒருவர் 56 முறை கடல் கடந்தார் என்று யாருக்கு நினைவு வரும்?

1870-க்குப் பின் நியூமன் தமது டப்ளின் ஆண்டுகளைப் பற்றித் தமக்காகவே ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். குற்றம் சாட்டும் நோக்கம் அதில் குறைவு. என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்ற கணக்கே மிகுதி. ஆயர்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகள், வரைந்த விதிமுறைகள் ஆகியவற்றையும் பத்திரப்படுத்தியிருந்தார். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1896-இல், அவருடைய உதவியாளர் அருட்தந்தை நெவில் அந்த அறிக்கைகளையும் விதிகளையும் தொகுத்துத் தனிச்சுற்றுக்கு மட்டும் என்று அச்சிட்டார்.